இணையவழி ஊடாட்டப் பல்லூடகப் படைப்புகளில் இணைகோப்புகள்: ஒரு பனுவலியல் நோக்கு

முன்னுரை

எட்டுத்தொகை நூல்களுள் இசையோடு மிக நெருங்கிய தொடர்புடையது பரிபாடல். எழுபது பாடல்களைக் கொண்டிருந்ததாகக் கூறப்படும் இத்தொகையில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. கிடைத்தவற்றுள் பெரும்பாலானவற்றின் இறுதியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் பாடலைப் பாடியவர் கீரந்தையார் என்றும், அதற்கு இசை வகுத்தவர் நன்னாகனார் என்றும், அதன் பண் பாலையாழ் என்றும் அக்குறிப்பின்வழி அறிகிறோம். ஆனால் நன்னாகனார் வகுத்த இசை நம்மை வந்தடையவில்லை. குறிப்பு எஞ்சியிருக்கிறது, குறிக்கப்பட்ட பொருள் மறைந்துவிட்டது.

இந்நிலை பழம்பனுவல்களுக்கு மட்டும் உரியதன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் இணையத்தில் வெளியிடப்பட்ட ஊடாட்டப் பல்லூடகப் படைப்புகள் பலவும் இதே நிலையை எய்தியுள்ளன. திரையில் ஒரு சொல் தோன்றுகிறது; அதைத் தொட்டால் ஒரு குரலோ, ஒரு படமோ, ஓர் அசைவுக் காட்சியோ எழ வேண்டும். எழுவதில்லை. இணைப்பு இருக்கிறது, இணைக்கப்பட்ட கோப்பு இல்லை, அல்லது இருந்தும் அதனைச் சென்றடைய வழியில்லை. இக்குறைபாட்டைத் தொழில்நுட்பப் பணியாளரின் கவலையாக ஒதுக்கிவிடுவது நம் துறையில் வழக்கமாக இருந்து வருகிறது. ஊடாட்டப் படைப்பில் இணைகோப்புகளின் ஒழுங்கமைப்பு பனுவலின் ஒரு பகுதி என்பதும், அதனைக் கருத்திற் கொள்ளாத திறனாய்வு தவறான பொருள்கோளுக்கே இட்டுச் செல்லும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

இணைகோப்பு என்பது யாது?

அச்சு நூலில் படமும் எழுத்தும் ஒரே தாளில் பதிந்துள்ளன. தாளைக் கிழித்தாலன்றி அவற்றைப் பிரிக்க இயலாது. இணையப் பக்கம் அத்தகையதன்று. பக்கத்தைத் தாங்கும் கோப்பில் படம் இருப்பதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது உலாவி அம்முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, உரிய கோப்புகளைத் தேடிக் கொணர்ந்து, திரையில் ஒன்றுசேர்க்கிறது. ஆகவே நாம் காணும் பக்கம் வாசிக்கும் கணத்தில் புதிதாகக் கட்டப்படுவதாகும்.

பல்லூடகப் படைப்பை உருவாக்குவோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒலி, படம் முதலிய அனைத்தையும் ஒரே கோப்பினுள் பொதிந்துவிடுவது. மற்றொன்று, அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, முதன்மைக் கோப்பிலிருந்து இணைப்பது. 1990-களிலும் 2000-களிலும் குறுவட்டுகளுக்கும் இணையத்திற்கும் பெரிதும் பயன்பட்ட மேக்ரோமீடியா டைரக்டர் என்னும் மென்பொருளில் இவ்விரு வழிகளும் இருந்தன. இணைக்கும் வழியைத் தேர்ந்தால் முதன்மைக் கோப்பு சிறியதாக அமையும். ஒரு பாடலின் ஒலிப்பதிவை மாற்ற வேண்டுமெனில் அக்கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆயின் படைப்பை வெளியிடும்போது இணைகோப்புகள் அனைத்தையும் முதன்மைக் கோப்போடு அதே வரிசையில், அதே கோப்புறை அமைப்பில் வழங்கிக்கு ஏற்ற வேண்டும். இவ்வகைப் படைப்பை ஷாக்வேவ் வழியாக உலாவியில், சொந்தக் கணினியின் வட்டிலிருந்து இயக்க வேண்டுமாயின், பாதுகாப்புக் கருதி இணைகோப்புகளைக் குறிப்பிட்ட ஒரு பெயருடைய கோப்புறையினுள் வைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. கோப்புறையின் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் ஒலி எழாது. இன்று அந்த ஷாக்வேவ் இயக்கியும் இல்லை. 2019 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஃபிளாஷ் இயக்கி 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது.

ஒரு மௌனத்தைத் தவறாக வாசித்தமை

இக்கருதுகோளுக்கு நான் வந்தடைந்தது நூல்வழி மட்டுமன்று. என் பிழையின் வழியுமாகும். 2012-ஆம் ஆண்டில், அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பியிருந்த புதிதில், ஐந்திணையைப் பற்றிய ஓர் ஊடாட்டப் படைப்பை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. மாணவி ஒருவர் அதனை உருவாக்கியிருந்தார். திரையில் ஒவ்வொரு திணைக்கும் ஒரு நிலக்காட்சி. முதல், கரு, உரிப்பொருள்களைத் தொட்டால் அவற்றுக்குரிய ஒலியும் கூற்றும் எழும். காந்தள் ஒலித்தது, குறிஞ்சியின் அருவி ஒலித்தது, தலைவியும் செவிலியும் பேசினர். முல்லைக் காட்சியில் கொன்றையைத் தொட்டேன். ஒலி எழவில்லை. தோழியைத் தொட்டேன். அவரும் பேசவில்லை.

அம்மௌனம் என்னை ஈர்த்தது. கொன்றை பூத்தல் கார்காலத்தின் வரவை உணர்த்துவது. தலைவன் மீள்வதாகக் கூறிச் சென்ற பருவம் அது. ஆகவே கொன்றை மௌனமாயிருத்தல், பருவம் இன்னும் வரவில்லை என்பதைக் குறிப்பாற் புலப்படுத்துகிறது என்றும், தோழியின் மௌனம் ஆற்றுவிக்க இயலாத நிலையைக் காட்டுகிறது என்றும் பொருள் கொண்டேன். இறைச்சிப் பொருளைக் கணினித் திரையில் கையாண்ட நுட்பம் என்று என் மதிப்பீட்டு அறிக்கையில் அரைப்பக்கம் பாராட்டியும் எழுதினேன்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு கருத்தரங்கில் அவரைச் சந்தித்தேன். அப்போது அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார். தயங்கித்தான் சொன்னார்: “ஐயா, கொன்றைக்கும் ஒலி வைத்திருந்தேன். இடி முழக்கம். என் கணினியில் நன்றாகத்தான் கேட்டது. நீங்கள் பாராட்டி எழுதியிருந்ததால் சொல்லக் கூச்சமாக இருந்தது.”

இடி முழக்கம் கார்காலம் வந்துவிட்டதைக் கூறுவது. நான் எழுதியதோ அதற்கு நேர்மாறு. படைப்பாளர் வைத்த பொருளைத் தலைகீழாக்கி, அதையே அவரது நுட்பமாகப் போற்றியிருக்கிறேன்.

நிகழ்ந்தது யாது என்பதைப் பின்னர் ஆராய்ந்தோம். ஒருங்குறி முறையில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை இரு வகையாகச் சேமிக்கலாம். முன்னும் பின்னும் வரும் குறிகள் சேர்ந்த ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம்; கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவர் பயன்படுத்திய மேக் கணினி கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. ஆனால் பக்கத்தில் அவர் தட்டச்சு செய்த முகவரி சேர்ந்த வடிவில் இருந்தது. மேக் கணினி இரண்டையும் ஒன்றாகவே கொண்டதால் அவரிடம் ஒலி எழுந்தது. லினக்ஸ் வழங்கியோ இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொண்டது. ஆகவே ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் இடம்பெற்ற பெயர்களையுடைய கோப்புகள் மட்டும் கிட்டாமற் போயின. காந்தள் பிழைத்தது, கொன்றை பிழைக்கவில்லை. செவிலி பேசினார், தோழி பேசவில்லை. இத்தனைக்கும் கோப்புகள் தொலையவே இல்லை. நான்கு ஆண்டுகளாக அவை வழங்கியிலேயே கிடந்தன. பெயரை மாற்றியதும் இடி முழங்கியது.

இரு படைப்புகள், இரு வழிகள்

இணைகோப்பைக் கையாளும் முறை படைப்பின் வாழ்வையும் வாசிப்பையும் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை, மின்னிலக்கியத் திறனாய்வில் அடிக்கடி பேசப்படும் இரு படைப்புகளின் வழியே காணலாம்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் 1987-இல் உருவாக்கி, 1990-இல் ஈஸ்ட்கேட் நிறுவனத்தின் வழி வெளிவந்த ‘ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி’. 539 உரைத்துண்டுகளைக் கொண்ட மீயுரைப் புனைகதை அது. காலையில் கண்ட விபத்தில் சிக்கியவர்கள் தன் மகனும் முன்னாள் மனைவியுமாக இருக்கலாமோ என்ற ஐயம் கதைசொல்லியை வாட்டுகிறது. வாசகர் தொடும் சொல்லுக்கேற்பக் கதை வெவ்வேறு திசையில் நகர்கிறது. இத்துண்டுகளும் இணைப்புகளும் ஒரே கோப்பினுள் பொதியப்பட்டுள்ளன. ஆகவே எதுவும் சிதறவில்லை, இணைப்பு அறுபடவில்லை. ஆனால் அப்பொதியை ஸ்டோரிஸ்பேஸ் என்னும் மென்பொருளின் துணையின்றித் திறக்க இயலாது. கணினிகள் மாறும்போதெல்லாம் பதிப்பாளர் புதிய வடிவத்தை வெளியிட வேண்டியதாயிற்று. மேத்யூ கிர்ஷென்பாம் 2008-இல் வெளியிட்ட தம் நூலில் இப்படைப்பின் வெவ்வேறு வடிவங்களை, ஓலைப்படிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியரைப் போல ஒப்பிட்டு ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, உருசியக் கலைஞர் ஒலியா லியாலினா 1996-இல் இணையத்தில் வெளியிட்ட ‘மை பாய்ஃபிரண்ட் கேம் பேக் ஃப்ரம் தி வார்’. போரிலிருந்து திரும்பிய காதலனுக்கும் அவளுக்குமிடையே நிகழும் தடுமாறும் உரையாடல் அது. கறுப்புப் பின்னணியில் சிறு சொற்றொடர்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும் தோன்றுகின்றன. ஒன்றைத் தொட்டால் திரையின் சட்டம் இரண்டாகப் பிரிகிறது. மேலும் தொட்டால் மேலும் பிரிகிறது. இறுதியில் ஒவ்வொரு சட்டமும் வெறும் கறுப்பாக அடங்குகிறது. இங்கு ஒவ்வொரு படமும் தனிக்கோப்பு; ஒவ்வொரு சட்டமும் தனிப்பக்கம். சட்டங்களைப் பயன்படுத்தும் முறை பின்னாளில் இணையத் தரங்களில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனினும் உலாவிகள் அதனை இன்றும் காட்டுகின்றன, படைப்பும் வாழ்கிறது. எளிய கோப்புகளாக அமைந்ததால் பிற கலைஞர்கள் அதனைத் தத்தம் வழியில் மறுஆக்கம் செய்யவும் இயன்றது. அம்மறுஆக்கங்களை லியாலினாவே தொகுத்து வைத்துள்ளார்.

இணைகோப்பின் பங்கு இத்துடன் முடிவதில்லை. கோப்பின் அளவும் பொருள் தருகிறது. 1996-இல் பலர் பயன்படுத்திய மோடெம் நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுடையது. அவ்வேகத்தில் 30 கிலோபைட் படம் ஒன்று வந்து சேர ஏறத்தாழ 8 நொடிகள் ஆகும். இருவர் பேசத் தயங்கும் காட்சியில் அந்த எட்டு நொடிகள் தயக்கத்தின் நீளமாகவே வாசகரால் உணரப்பட்டிருக்கும். இன்று அப்படம் இமைப்பொழுதில் தோன்றிவிடுகிறது. கோப்பு மாறவில்லை, இணைப்பும் அறவில்லை, ஆயினும் வாசிப்பின் நடை மாறிவிட்டது. ஒரு படைப்பின் பொருள் அது தங்கியுள்ள ஊடகத்தின் பருமையோடு பிணைந்தது என்று கேத்தரின் ஹெய்ல்ஸ் 2002-இல் ‘ரைட்டிங் மெஷின்ஸ்’ நூலில் வலியுறுத்தியதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? பொதிந்துவிடுவதே பாதுகாப்பு என்பது பலர் கருத்து. அது ஒரு தலைமுறைக்குப் பொருந்தலாம். பொதியைத் திறக்கும் மென்பொருள் மறையும்போது படைப்பு முழுவதும் ஒருசேர மறைகிறது. இணைக்கப்பட்ட படைப்பிலோ இழப்பு பெரும்பாலும் பகுதியளவிலேயே நிகழ்கிறது. எஞ்சியதைக் கொண்டு இழந்ததை ஊகிக்க இடமுண்டு. ஆகவே செம்மையாகப் பேணப்பட்ட இணைப்பே நெடுங்காலத்திற்கு ஏற்றது என்பது என் முடிபு. ‘செம்மையாகப் பேணப்பட்ட’ என்ற அடைமொழி இன்றேல் இம்முடிபு நில்லாது.

எழுத்துருவும் ஓர் இணைகோப்பே

தமிழ் இணையத்தின் வரலாறு இதனை வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்துகிறது. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் இடம்பெற்றன. அவரைப் போன்ற முன்னோடிகளின் உழைப்பால் தமிழ்ப் பக்கங்கள் பெருகின. ஆனால் அக்காலப் பக்கங்கள் பலவும் ஒரு குறிப்பிட்ட எழுத்துருவை நம்பியே நின்றன. அவ்வெழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையேல், திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளின் குவியல்.

இதற்குத் தீர்வாக வந்தது, எழுத்துருவையே ஓர் இணைகோப்பாகப் பக்கத்தோடு அனுப்பும் முறை. மைக்ரோசாஃப்ட் வழங்கிய கருவியால் உருவாக்கப்பட்ட இத்தகைய எழுத்துருக் கோப்புகளை அந்நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி ஏற்றது. எழுத்துருவின் உரிமையைக் காக்கும் பொருட்டு, குறிப்பிட்ட தள முகவரியில் மட்டுமே இயங்குமாறு அக்கோப்பைப் பூட்டிவைக்க இயலும். தளம் வேறு முகவரிக்கு மாறினால், கோப்பைக் கூடவே எடுத்துச் சென்றாலும் அது இயங்காது. இவ்வாறு பக்கம் இருந்தும், எழுத்துருக் கோப்பு இருந்தும், இரண்டின் பிணைப்பு அறுந்ததால் வாசிக்க இயலாத தமிழ்ப் பக்கங்கள் தோன்றின. எழுத்தையே இணைகோப்பாகக் கொண்டிருந்த ஓர் இலக்கியச் சூழலுக்கு, இணைகோப்பு புறப்பொருள் என்று கூறும் உரிமை இல்லை.

மூவகை மௌனம்

ஊடாட்டப் படைப்பில் எழாத ஒலியைத் திறனாய்வாளர் எவ்வாறு அணுக வேண்டும்? மௌனத்தை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, படைப்பாளர் வேண்டுமென்றே வைத்த மௌனம். லியாலினாவின் கறுப்புச் சட்டங்கள் இவ்வகையின. இரண்டாவது, இணைப்பு அறுந்ததால் நேர்ந்த மௌனம். கொன்றையின் மௌனம் இவ்வகைப்படும். மூன்றாவது, உலாவி விதித்த மௌனம். 2018-இல் குரோம் உலாவி, வாசகர் பக்கத்தோடு ஏதேனும் ஒரு வகையில் ஊடாடாதவரை ஒலி தானாக எழுவதைத் தடுக்கத் தொடங்கியது. அதற்கு முன், திறந்தவுடன் இசை எழுமாறு அமைந்த படைப்புகள் பலவும் இன்று ஓசையின்றித் தொடங்குகின்றன. கோப்பும் இருக்கிறது, இணைப்பும் சரி. ஆனால் முதற்கணம் மாறிவிட்டது.

திரையை மட்டும் நோக்குபவருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறியக் கோப்புறையைத் திறந்து காண வேண்டும். கோப்பு உண்டா, அதற்கு இணைப்பு உண்டா, இணைப்பும் பெயரும் பொருந்துகின்றனவா என்று வினவ வேண்டும். பதிப்பாசிரியர்கள் நமக்குக் கற்பித்த பண்பு இதுவே. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடத்தை மூடி எண்களை நெருக்கிவிடாமல், அவ்வெண்கள் வெற்றிடமாகவே பேணப்பட்டு வருகின்றன. சிதைவைச் சிதைவென்று காட்டுவது பதிப்பறம். சிதைவை அழகென்று விளக்குவது, 2012-இல் நான் செய்தது போன்ற பிழை.

இணையப் படைப்பு நிகழ்த்துகலையைப் போன்றது. கோலத்தைப் போலத் தோன்றி அழிவதே அதன் இயல்பு என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. தம் படைப்பு அழியட்டும் என்று படைப்பாளரே தேர்ந்தால் அத்தேர்வை மதிக்க வேண்டும். ஆனால் கோலமிடுபவர் அது மாலைக்குள் அழியும் என்பதை அறிந்தே இடுகிறார். அம்மாணவி தன் இடி முழக்கம் கேட்கப்பட வேண்டும் என்றே வைத்தார். கவனக்குறைவால் நேரும் இழப்பை அழகியல் கொள்கையாக உயர்த்துதல் முறையன்று.

கோப்புறைக்கும் ஒரு பாட்டிறுதிக் குறிப்பு

இனிச் செய்யத்தக்கன சில. படைப்பின் கோப்புகள் அனைத்தும் ஒரே தாய்க்கோப்புறையின்கீழ் அமைதல் வேண்டும். முகவரிகள் அக்கோப்புறையைச் சார்ந்தனவாக இருத்தல் வேண்டும். உருவாக்கியவரின் வட்டையோ பிறரது தளத்தையோ சுட்டுதல் ஆகாது. பிறர் தளத்திலுள்ள படத்தை நேரே இணைத்தால், அவர் அதை நீக்கும்போது நம் பக்கம் ஊனமுறும். அவர் அதே பெயரில் வேறொரு படத்தை வைத்தால் நம் பனுவல் நாம் அறியாமலே மாறிவிடும். பின்னையது பாடவேறுபாட்டினும் கொடியது; ஏனெனில் மூலப்படி எங்கும் எஞ்சுவதில்லை. கோப்புப் பெயர்களை, இப்போதைக்கேனும், உரோமன் சிறிய எழுத்துகளாலும் எண்களாலும் அமைத்தலே நன்று. விண்டோஸ் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும். வழங்கிகள் பல அவ்வாறு கொள்வதில்லை. தமிழ்ப் பெயரைக் கைவிடச் சொல்வது வருத்தத்திற்குரியதே. ஆயினும் தமிழை வாசகர் காணும் திரையில் முழுமையாக வைப்பதற்காகவே கோப்பின் பெயரில் இவ்விட்டுக்கொடுப்பு.

முகவரிகளை நிரல்வரிகளுள் துண்டுதுண்டாகச் சேர்த்து அமைப்பதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். இணையக் காப்பகங்களின் தானியங்கிகள் பக்கத்தில் வெளிப்படையாக எழுதப்பட்ட முகவரிகளையே எளிதிற் கண்டறிகின்றன. நிரல் இயங்கும்போது மட்டும் உருவாகும் முகவரிகள் அவற்றின் கண்ணிற் படாமற் போகலாம். ஃபிளாஷ் படைப்புகள் பலவற்றின் முதன்மைக் கோப்பு காப்பகத்தில் இருந்தும், அது அழைக்கும் ஒலிக்கோப்புகள் இல்லாமற் போனதற்கு இது ஒரு காரணம். ரஃபிள் போன்ற இயக்கிகள் இன்று பழைய ஃபிளாஷ் கோப்புகளுக்கு உயிரூட்டுகின்றன. ஆனால் சேமிக்கப்படாத ஒலியை அவற்றால் மீட்டளிக்க இயலாது.

இவற்றினும் முதன்மையானது பட்டியல். ஒவ்வொரு கோப்பின் பெயர், அதில் உள்ளது யாது, யார் குரல், எங்குப் பதிவுசெய்யப்பட்டது, எவ்வளவு நேரம் ஒலிக்கும், யாரிடம் இசைவு பெறப்பட்டது, திரையில் எந்தச் சொல்லைத் தொட்டால் எழும் என்பனவற்றை எளிய உரைக்கோப்பாக எழுதிக் கோப்புறையில் வைத்தல் வேண்டும். பரிபாடலின் இறுதிக் குறிப்பு செய்த பணி இதுவே. அக்குறிப்பு இன்றேல் பரிபாடல் இசையோடு பாடப்பட்டது என்பதற்கான உட்சான்றுகளுள் தலையாயதை இழந்திருப்போம். ‘கொன்றை – கார்கால இடி முழக்கம்’ என்ற ஒரு வரி அம்மாணவியின் கோப்புறையில் இருந்து, நான் அதைக் கேட்டு வாங்கிப் படித்திருப்பேனாயின், ஒலி எழாவிடினும் பொருள் பிழைத்திருக்காது.

முடிவுரை

நம் துறைகளில் ஊடாட்டப் படைப்புகளை மாணவர் ஆய்வேடுகளின் பகுதியாக ஏற்கும் வழக்கம் பரவியுள்ளது. அச்சு ஆய்வேட்டின் ஓரங்களை அளவுகோல் வைத்து அளக்கும் நாம், அதனுடன் வரும் படைப்பைத் தேர்வு நாளில் ஒருமுறை திறந்து பார்ப்பதோடு அமைகிறோம். உருவாக்கியவரது கணினி அல்லாத பிறிதொரு கணினியில், வெளியிடப்பட்ட வடிவத்தில், ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுச் சரிபார்த்தல் மதிப்பீட்டின் முதற்படியாக வேண்டும். மூலக்கோப்புறையும் பட்டியலும் ஆய்வேட்டோடு நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.

அந்த 2012-ஆம் ஆண்டு அறிக்கையை நான் பின்னர் திருத்தி எழுதி, மாணவிக்கு ஒரு படி அனுப்பினேன். முன்னர்ப் பாராட்டிய அரைப்பக்கத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் இடி முழக்கத்தைப் பற்றி எழுதினேன். மதிப்பெண் மாறவில்லை, மாற்றவும் இயலாது. ஆயினும் அவர் படைப்பைப் பற்றி நான் எழுதியவற்றுள் அவர் படைத்ததைப் பற்றியதாக அமைந்தது இந்த இரண்டாம் அறிக்கையே.